உள்ளங்கை வியர்வைக்குச் சென்னை வெயில் காரணமில்லை

கேள்வி: எனக்கு வயது 24. பெரம்பூரில் இருக்கிறோம். பி.காம். முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே எனக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சொட்டச் சொட்ட வியர்க்கும். மார்கழியிலும் அப்படித்தான். கோலமாவு ஈரத்தில் விரலோடு ஒட்டிக்கொள்வதால் கோடு விட்டு விட்டு விழும். போன தேர்வில் ஓஎம்ஆர் தாள் நனைந்து, கைக்குட்டையைக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுதி முடித்தேன். "சென்னையில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை?" என்கிறார் அம்மா. சித்தப்பா நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி சத்து மாத்திரை வாங்கித் தந்தார். பவுடர், சானிடைசர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரே ஆபரேஷனில் நிரந்தரமாக நின்றுவிடும் என்று இணையத்தில் பார்த்தேன். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். அதற்குள் செய்துகொள்ளலாமா? இது பரம்பரை என்று நினைக்கிறேன். அத்தைக்கும் கை வியர்க்கும். அப்பாவுக்கும் (58 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், இரவில் இப்போது இரண்டு சப்பாத்திதான்) இரண்டு மாதமாக விடியற்காலையில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்க்கிறது.
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி அது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்ததும் அதுதான்.

உங்கள் அத்தைக்கும் உங்களுக்கும் இருப்பது ஒன்றாக இருக்கலாம். அப்பாவுக்கு வருவது அதுவல்ல. பரம்பரையாக வரும் உள்ளங்கை வியர்வை சிறு வயதிலேயே, பெரும்பாலும் 25 வயதுக்குள் தொடங்கிவிடும். தூங்கும்போது நின்றுவிடும். 58 வயதில் புதிதாக, அதுவும் தூக்கத்தில், பனியன் நனைய வியர்த்தால் அதற்கு உடம்புக்குள் வேறு ஒரு காரணம் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும்.

முதலில் நான் சந்தேகப்படுவது தாழ்சர்க்கரையை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிட்டது இவ்வளவுதான் என்று பார்த்து அவை வேலை செய்வதில்லை. முன்பு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு சப்பாத்திக்கு மாறி, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால், நள்ளிரவு தாண்டிய பிறகு சர்க்கரை சரசரவென்று இறங்கும். உடம்பு பதறி அட்ரினலினை விடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு மற்றது எதுவும் தெரியாது, காலையில் நனைந்த பனியன் மட்டுமே மிஞ்சும்.

இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம். குளுக்கோமீட்டர் வாங்கி வையுங்கள். வியர்த்து எழும் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். காலை வெறும் வயிற்றுப் பரிசோதனை போதாது, அதற்குள் உடம்பு தானே சர்க்கரையை ஏற்றிவிட்டிருக்கலாம். அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ சாப்பிடட்டும். விழுங்க முடியாத நிலையில், பேச்சுக் குழறி மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். அளவு குறைந்தது உறுதியானால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். அளவை மாற்றுவதை அவர் செய்யட்டும்.

சர்க்கரை சரியாகவே இருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரம் தாண்டிய இருமல், எடை இறங்குவது, பசியின்மை இவற்றில் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரவு வியர்வை அதன் பழைய அடையாளம். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தைராய்டு, ரத்த அணுக்கள், அவர் சாப்பிடும் வேறு மாத்திரைகள் எல்லாவற்றையும் பொது மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். இன்னொன்று: சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு சில நேரம் நெஞ்சுவலியே இல்லாமல் வரும். திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், தாடையிலோ இடது கையிலோ கனம் என்று வந்தால் அங்கே குளுக்கோமீட்டரோடு நேரம் போக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, இப்போது உங்கள் கைக்கு வருகிறேன்.

உங்கள் அம்மா சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்ளலாம். இந்த ஊரில் கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். சட்டை முதுகோடு ஒட்டாத ஆள் சென்னையில் இல்லை. அதனால்தான் இங்கே இந்த நோய் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது. கோயம்பேட்டில் பஸ் ஏறி இறங்கிய எல்லோரும் நனைந்திருக்கும்போது, ஒருத்தியின் கை மட்டும் வேறு காரணத்தால் நனைந்திருக்கிறது என்று யார் கவனிப்பார்கள்?

ஆனால் அது வேறு காரணம்தான். நம் உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. மார்பிலும் முதுகிலும் நெற்றியிலும் உள்ளவை முக்கியமாகச் சூட்டுக்குப் பதில் சொல்பவை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நெருக்கமாக அமைந்திருப்பவை வெயிலைவிட மனத்தின் விழிப்பைத்தான் அதிகம் கேட்கின்றன. ஒரு காரியத்தில் இறங்கப் போகிறோம் என்று மூளை தயாரானதும் அங்கே லேசாக ஈரம் கசியும். அந்தக் கசிவு பிடிமானத்துக்கு உதவும். ஜவுளிக் கடை கேஷியர் நோட்டு எண்ணும்போது விரலை ஸ்பாஞ்சில் ஒற்றிக்கொள்கிறாரே, அந்த ஈரத்தைத்தான் உடம்பு தானே ஏற்பாடு செய்துகொள்கிறது. உங்களுக்கு அந்தக் குழாயின் திருகு தேவைக்கு மேல் திறந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். சுரப்பிகள் எண்ணிக்கையில் கூடவில்லை, பெரிதாகவும் இல்லை. அவற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் பரிவு நரம்புகள் சின்னத் தூண்டலுக்கே பெரிய கட்டளையைக் கொடுத்துவிடுகின்றன.

ஆகவே சித்தப்பாவிடம் பதமாகச் சொல்லுங்கள், இது நரம்புத் தளர்ச்சி இல்லை. இங்கே நரம்பு தளரவே இல்லை, அளவுக்கு மேல் சுறுசுறுப்பாக இருக்கிறது. "நரம்புத் தளர்ச்சி" என்று மருத்துவத்தில் ஒரு நோயே கிடையாது. சுவரொட்டிகளில்தான் உண்டு. அந்தச் சத்து மாத்திரைகளால் கெடுதல் பெரிதாக இருக்காது, பலனும் இருக்காது.

பயந்த சுபாவம் என்று யாராவது உங்களைச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் நம்பியிருப்பீர்கள். அதையும் விட்டுவிடுங்கள். தனியாக உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் கை ஈரமாகிறது என்றால் அங்கே எந்தப் பயம்? வியர்வை முதலில் வருகிறது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் அதன் பின்னால் வருகிறது. அந்தக் கூச்சம் மறுபடியும் நரம்பைத் தூண்டி இன்னும் கொஞ்சம் வியர்க்க வைக்கிறது, உண்மைதான். ஆனால் தொடங்கி வைத்தது உங்கள் மனம் இல்லை.

இதற்கு மருத்துவப் பெயர் முதன்மை ஹைப்பர்ஹைட்ரோசிஸ். ஆறு மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் அதிக வியர்வை இருந்து, வேறு காரணம் தெரியாமல், கீழே சொல்பவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் அதுதான் என்று முடிவு செய்வோம்: இரண்டு பக்கமும் ஒன்றுபோல வருவது, வாரத்துக்கு ஒரு தடவையாவது வருவது, 25 வயதுக்கு முன் தொடங்கியது, குடும்பத்தில் இருப்பது, தூக்கத்தில் நிற்பது, அன்றாட வேலையைக் கெடுப்பது. உங்கள் கடிதத்திலேயே நாலைந்து பொருந்திவிட்டது. நூறு பேரில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு ஏதோ ஒரு இடத்தில் இந்தத் தொந்தரவு உண்டு என்று கணக்கு. கடைசி பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேறு ஒருத்தி உங்கள் வகுப்பிலும் இருந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனைகளுக்கு நீங்கள் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. படபடப்பு, எடை குறைவு, கை நடுக்கம் இருந்தால் மட்டும் தைராய்டு பார்த்துக்கொள்ளலாம்.

தோல் மருத்துவரிடம் போகும்போது முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். காரணம் சொல்கிறேன். என் அறையில் அயோடின் கரைசலை உள்ளங்கையில் தடவிக் காய விடுவேன். பிறகு சோள மாவை மெல்லியதாகத் தூவுவேன். ரஷ்ய நரம்பியல் மருத்துவர் விக்டர் மைனர் 1928-இல் சொல்லிக் கொடுத்த முறை இது, இன்றும் இதைவிட எளிதாக ஒன்று வரவில்லை. அம்மாவும் பெண்ணும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் சில நொடி ஒன்றும் இருக்காது, மஞ்சள் கறையும் வெள்ளை மாவும்தான். அப்புறம் விரல் நுனியில், கைரேகை வரிகளின் முகட்டில், ஊசியால் குத்தியதுபோலக் கருநீலப் புள்ளிகள் கிளம்பும். வியர்வைத் துளைகள் அந்த முகடுகளில்தான் திறக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் சேர்ந்து கோடாகி, கோடுகள் சேர்ந்து உள்ளங்கை முழுக்க மை கொட்டியதுபோல ஆகிவிடும். அம்மாவின் கையில் அதையே செய்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி தெரியும். ஒரே அறை, ஒரே மின்விசிறி. "சென்னையில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை" என்று அதற்குப் பிறகு எந்த அம்மாவும் என்னிடம் சொன்னதில்லை.

சிகிச்சைக்கு வருவோம். நீங்கள் நேராகக் கடைசிப் படிக்குத் தாவப் பார்க்கிறீர்கள். கீழ்ப் படியிலேயே பலருக்கு வேலை முடிந்துவிடும்.

முதல் படி அலுமினியம் குளோரைடு. சலூனில் சவரம் முடிந்ததும் படிகாரக் கல்லைத் தேய்ப்பார்களே, அதுவும் ஒரு அலுமினிய உப்புதான். அது மேலோட்டமாகச் சுருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல் வியர்வைக் குழாயின் வாயிலேயே உறைந்து ஒரு சின்ன அடைப்பை உண்டாக்கும். அக்குளுக்கு 20 சதவீதம் நன்றாகவே கேட்கும். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் சிலருக்கு மருத்துவர் இன்னும் செறிவாகத் தயாரித்துத் தரச் சொல்வார்.

இந்த மருந்து "கேட்கவில்லை" என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் தப்பான நேரத்தில் போட்டவர்கள் என்பது என் அனுபவம். காலையில் குளித்துவிட்டு, கிளம்பும் அவசரத்தில் போடுவார்கள். அந்த நேரத்தில் கை ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும். மருந்து ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம் உண்டாகும். எரியும், சிவக்கும், வேலையும் செய்யாது. இரவு படுக்கப் போகும் முன், சுரப்பிகள் ஓயும் நேரத்தில் போட வேண்டும். கையைக் கழுவித் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் வையுங்கள். அப்படியும் ஈரமிருந்தால் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காட்டுங்கள். எலும்புவரை காய்ந்த மாதிரி ஆனதும் மெல்லியதாகப் பூசி, காய விட்டுப் படுங்கள். கையுறை, பிளாஸ்டிக் உறை எதுவும் வேண்டாம். காலையில் கழுவிவிடுங்கள். முதல் வாரம் தினமும், குறையத் தொடங்கியதும் ஒன்றுவிட்டு ஒருநாள், அப்புறம் வாரத்துக்கு ஓரிரு முறை. அரிப்பு வந்தால் இரண்டு நாள் நிறுத்தி, மருத்துவர் சொல்லும் லேசான ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீமைப் போடலாம். வெட்டுக்காயம் இருந்தாலோ, அக்குளில் சவரம் செய்த அன்றோ தொடக் கூடாது.

பவுடர் சும்மா ஈரத்தை உறிஞ்சி உருண்டையாகும். சானிடைசரின் ஆல்கஹால் இரண்டு நிமிடம் காய வைத்துவிட்டுத் தோலை வெடிக்க விடும். டியோடரன்ட் வாசனைக்கு மட்டும்தான், வியர்வையை அது நிறுத்தாது. வாங்கும்போது "ஆன்டிபெர்ஸ்பிரண்ட்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நாலைந்து வாரத்தில் போதுமான பலன் இல்லை என்றால் அடுத்தது அயன்டோஃபொரெசிஸ். உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் எனக்கு மிகப் பிடித்த சிகிச்சை இதுதான். இரண்டு தட்டுகளில் தண்ணீர், அடியில் உலோகத் தகடு, அதன்மேல் நனைத்த துண்டு. கைகளை வைத்ததும் கருவி மெல்லிய மின்னோட்டத்தை, 15 முதல் 20 மில்லிஆம்பியர் வரை, மெதுவாக ஏற்றும். கால் மரத்துப்போய் உணர்ச்சி திரும்பும்போது ஊசி குத்துவதுபோல இருக்குமே, அந்த மாதிரி இருக்கும். வலிக்காது. ஒரு தடவைக்கு 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் கை காயத் தொடங்கும். அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே வர வேண்டும், விட்டால் பழையபடி ஆகிவிடும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்ஓ தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அதில் உப்புகள் மிகக் குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது. "கருவி ரிப்பேர்" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழாயில் வரும் தண்ணீரே போதும். ஆர்ஓ தவிர வேறு இல்லையென்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். மோதிரம், வளையல், காலுக்கு என்றால் கொலுசு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கீறல் இருந்தால் அதன்மேல் வாசலைன். நடுவில் போன் அடித்தது என்று கையைச் சட்டென்று எடுத்தால் சுளீரென்று இழுக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், மின்னோட்டம் போகும் வழியில் உலோகம் பொருத்தியவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்துகொள்ளக் கூடாது. பேட்டரியும் பேக்கிங் தட்டும் வைத்து வீட்டிலேயே செய்து காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். மின்னோட்டம் கட்டுப்பாடு தவறினால் தோல் வெந்துபோகும். முதல் சில தடவை மருத்துவமனையில் செய்து பாருங்கள், பலன் தெரிந்தால் நல்ல கருவியை வாங்கிக்கொள்ளலாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் பிரிவு இருக்கிறது. பெரம்பூரிலிருந்து ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம். தனியார் கட்டணத்தைப் பார்த்து மலைக்கும் முன் அங்கே ஒருமுறை காட்டுங்கள்.

மாத்திரைகளும் இருக்கின்றன: கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின். நரம்பு சுரப்பிக்குக் கொடுக்கும் கட்டளையை இவை மறிக்கும். கைக்கு மட்டும் என்று பிரித்துப் பார்க்க மாத்திரைக்குத் தெரியாது, உடம்பு முழுக்க வியர்வை குறையும். வாய் காயும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் பிரியத் தாமதமாகும், சிலருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து மங்கும். இங்கேதான் சென்னை வெயில் நிஜமாகவே கணக்கில் வருகிறது. கத்திரியில் மதியம் இரண்டு மணிக்கு வெளியே நிற்கிறவருக்கு வியர்வைதான் உயிர் காக்கும் ஏற்பாடு. அதை மாத்திரையால் அடைத்துவிட்டு வெயிலில் அலைந்தால் உடல் சூடு ஏறி மயங்கி விழ நேரும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் புராஸ்டேட் வீங்கியவர்களுக்கும் ஆகாது. ஆகவே தினசரி சாப்பாடுபோல இதை நான் எழுதித் தருவதில்லை. தேர்வு, நேர்காணல் போன்ற நாட்களுக்குக் குறைந்த அளவில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் போடச் சொல்வது உண்டு. உங்களுக்கு ஒரு நிபந்தனையோடு: முதல் மாத்திரையைத் தேர்வு அன்று போடாதீர்கள். பல நாள் முன்பே வீட்டில் போட்டு, கடிகாரம் வைத்து ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். 200 கேள்வி, மூன்று மணி நேரம். கை காய்ந்து கண் மங்கினால் என்ன லாபம்?

போட்டாக்ஸ் ஊசி அக்குளுக்கு அருமையான பலன் தரும். அமெரிக்காவில் 2004-இலேயே அக்குள் வியர்வைக்கு அனுமதி கிடைத்தது. ஆறேழு மாதம் நிற்கும். உள்ளங்கைக்கும் போடலாம். ஆனால் ஒரு கையில் பல இடத்தில் குத்த வேண்டும், வலி அதிகம், சில வாரம் கட்டைவிரல் பிடி தளரக்கூடும். பல்லாயிரம் ரூபாய் செலவழித்து, பேனா பிடிக்கும் கையில் பிடி தளர்வதை இப்போது நீங்கள் விலைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இனி அந்த ஆபரேஷன். மார்புக்குள் சிறு துளை வழியாகக் கேமரா விட்டு, கைக்கு வரும் பரிவு நரம்புத் தொடரை வெட்டுவது அல்லது கிளிப் போடுவது. உள்ளங்கை காய்ந்துவிடும், பெரும்பாலோருக்கு அன்றைக்கே. இணையத்தில் சொன்னது பொய்யில்லை. சொல்லாமல் விட்டதுதான் பெரிது. நிறையப் பேருக்கு அந்த வியர்வை இடம் மாறும். முதுகு, வயிறு, தொடை என்று கொட்டத் தொடங்கும். ஈடுசெய் வியர்வை என்று பெயர். யாருக்கு லேசாக வரும், யாருக்குக் கடுமையாக வரும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான பரிசோதனை எதுவும் இல்லை. வெட்டியதை ஒட்ட வைக்கவும் முடியாது. அபூர்வமாக ஒரு பக்க இமை தொங்கிப்போவதும் உண்டு.

ஒரு இளைஞர் என்னிடம் வந்தார், துணிக்கடையில் விற்பனையாளர். புடவையைத் தொட்டால் கறை படிகிறது என்று வேறு ஊரில் இந்த அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டவர். என் மேஜைமேல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். காகிதம்போலக் காய்ந்திருந்தது. பிறகு எழுந்து திரும்பி நின்றார். காலர் முதல் இடுப்புவரை சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, பேன்ட்டின் பின்பக்கமும் நனைந்திருந்தது. பையில் மடித்து வைத்த இரண்டு சட்டைகளை எடுத்துக் காட்டி, "கையையாவது பாக்கெட்ல மறைச்சுக்குவேன் டாக்டர்" என்றார். குளிர்ந்த நாட்டிலேயே தாங்க முடியாத விஷயத்தை அவர் மே மாதச் சென்னையில் சுமந்துகொண்டிருந்தார். செய்துகொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாப் படியையும் முறையாக ஏறிப் பார்த்து, அப்படியும் வாழ்க்கை முடங்கியவர்களுக்கு உரியது அது. நீங்கள் இன்னும் முதல் படியிலேயே கால் வைக்கவில்லை. முகூர்த்தத் தேதியைப் பார்த்து முடிவு செய்கிற விஷயமும் அல்ல.

வரன் விஷயத்தில் நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இது தொற்றாது, ஆயுளைக் குறைக்காது, குழந்தை பெறுவதற்குத் தடையில்லை. குழந்தைக்கும் கை வியர்க்க வாய்ப்பு உண்டு, வந்தால் இதே சிகிச்சைகள் இருக்கின்றன. பேச்சு நெருங்கும்போது அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைக்கும் பதற்றத்தில்தான் கை இன்னும் நனைகிறது. திருமணத்துக்குப் பிறகு கர்ப்பம் திட்டமிடும்போது மாத்திரையையும் மின்னோட்டச் சிகிச்சையையும் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கால் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. ஈரப் பாதத்தில் பாக்டீரியா வளர்ந்து, குதிகாலில் பொடிப்பொடிக் குழிகளும் கெட்ட வாடையும் வரும். அதற்கு ஆன்டிபயாட்டிக் களிம்பு சில வாரத்தில் கேட்கும். மூடிய பிளாஸ்டிக் செருப்பைத் தவிர்த்து, ஷூ போட்டால் பருத்திச் சாக்ஸை மதியம் ஒருமுறை மாற்றுங்கள். விரலிடுக்கில் அரித்தால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மட்டும் வாங்காதீர்கள். படர்தாமரை அதில் அடங்கியதுபோல் இருந்து இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க உங்களிடமே நல்ல அளவுகோல் இருக்கிறது. மருந்து தொடங்கும் முன் ஒருநாள் காலை வாசலில் எட்டுப் புள்ளிக் கோலம் ஒன்று போட்டுப் போனில் படம் எடுத்து வையுங்கள். நாலு வாரம் கழித்து அதே கோலத்தைப் போட்டு மறுபடி எடுங்கள். கோடு எத்தனை இடத்தில் அறுகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணி, மருத்துவரிடம் காட்டுங்கள். "கொஞ்சம் பரவாயில்லை" என்று வாயால் சொல்வதைவிட அது எங்களுக்கு உதவும்.

ஆனால் அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. குளுக்கோமீட்டரை இன்றைக்கே வாங்கிவிடுங்கள். அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பெயர்களைக் குறித்து வையுங்கள். அவர் வியர்த்து எழவில்லை என்றாலும் இன்று இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். அந்த எண்ணையும் மாத்திரைப் பெயர்களையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே அவருடைய மருத்துவரிடம் போங்கள். எனக்கும் எழுதுங்கள்.